கிழக்கேகோட்டை வீட்டுத் தோட்டங்களும் பயிர்ப்பெயர்களும்: ஒலியொப்புமையும் பொருள் வேறுபாடும்

1. முன்னுரை

திருவனந்தபுரத்தின் 'கிழக்கேகோட்டை' என்னும் பெயரே இரு மொழிகளின் எல்லையில் நிற்பதாகும். தமிழில் 'கிழக்கே' என்பது திசையிடம் குறிக்கும் வினையடை. பெயருக்கு அடையாக வருமிடத்துக் 'கீழைக்கோட்டை' என்றோ 'கிழக்குக்கோட்டை' என்றோ அமைவதே இயல்பு. மலையாளத்தில் 'கிழக்கே' பெயரடையாகவும் வழங்கும். சொற்கள் இரண்டும் தமிழர்க்கு விளங்குவன. அவை கூடிய முறை வேறு. இந்நிலை, கோட்டையைச் சூழ்ந்த வீடுகளின் பின்புறத்தே வளர்ந்த காய்கறிகள், மூலிகைகள் ஆகியவற்றின் பெயர்களில் இன்னும் விரிவாகக் காணப்படுகிறது.

தமிழும் மலையாளமும் நெருங்கிய உறவுமொழிகள். ஒரு மொழியின் சொல்லை ஒலிமாற்ற விதிகளைக் கொண்டு மற்றதன் சொல்லாக மாற்றிக்கொள்வது மொழிபெயர்ப்பாளர்க்கு எளிய வழியாகத் தோன்றும். ஆனால் தோட்டப் பயிர்களைப் பொறுத்தவரை அவ்வழி பலமுறை சரியான சொல்லையும் தவறான செடியையும் தருகிறது. இதற்குரிய காரணம் ஒலியியலில் இல்லை. பயிர்களின் வரலாற்றில் உள்ளது. புதிதாக வந்த பயிர் ஒவ்வொன்றும் ஏற்கெனவே தோட்டத்திலிருந்த ஒரு பயிரின் பெயரை வாங்கிக்கொண்டது. அப்பெயரை எந்தப் பயிரிடமிருந்து வாங்கியது, வாங்கியபின் பழைய பயிர் என்ன பெயர் பெற்றது என்பவற்றில் இரு மொழிகளும் வேறுபட்டன. அவ்வேறுபாட்டைக் கிழக்கேகோட்டையை நடுவாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

2. இடமும் மக்களும்

திருவிதாங்கூர் அரசின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு 1795இல் மாறியது. அது தர்மராஜா எனப்பட்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் ஆட்சிக்காலம். அவருடைய திவானாகிய ராஜா கேசவதாசர் கோட்டையின் கிழக்கு வாயிலையடுத்துச் சாலைக் கடைத்தெருவை அமைத்தார். பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலும், வலியசாலை, கரமனை முதலிய பகுதிகளிலும் தமிழ் அந்தணர் அக்கிரகாரங்கள் அமைந்தன. நாஞ்சில்நாட்டிலிருந்து வேளாளரும் வணிகரும் தலைநகருக்கு வந்து குடியேறினர். அரசின் நெற்களஞ்சியமாக விளங்கிய நாஞ்சில்நாட்டின் விளைபொருள்கள் சாலைக் கடைத்தெருவில் விலைபோயின. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபின் அரசியல் எல்லை மாறியதே தவிர, வணிக வழி மாறவில்லை.

இரு வகை வீடுகள் இங்கு அருகருகே நின்றன. மலையாளிகளின் வீடு 'பறம்பு' என்னும் மனைநிலத்தின் நடுவே அமைவது. நான்கு பக்கமும் தென்னை, பலா, வாழை, கிழங்கு, மிளகுக்கொடி ஆகியன சூழ்ந்திருக்கும். அக்கிரகார வீடு தெருவை ஒட்டி, பக்கத்து வீட்டோடு சுவர் சேர்ந்து, நீண்டு செல்வது. அதன் தோட்டம் கிணற்றடிக்குப் பின்னுள்ள குறுகிய நிலமே. தஞ்சைப் பகுதியில் 'கொல்லை' எனப்படுவதும், பிற இடங்களில் 'புழக்கடை' எனப்படுவதும் இதுவே. நாஞ்சில்நாட்டிலும் தென்திருவிதாங்கூரிலும் வழங்கும் 'விளை' என்னும் சொல் ஊர்ப்பெயர்களிலும் வீட்டுப்பெயர்களிலும் இறுதிச் சொல்லாக நிலைத்துள்ளது. மலையாளத்தில் காய்கறித் தோட்டத்திற்கு 'அடுக்களத்தோட்டம்' என்பது பெயர். 'பறம்பு' என்பதைத் 'தோட்டம்' என்றோ 'கொல்லை' என்றோ மொழிபெயர்க்கும்போது, வீடு நிலத்தின் நடுவில் நிற்கிறதா, நிலம் வீட்டின் பின்னே கிடக்கிறதா என்னும் வேறுபாடு மறைந்துவிடுகிறது. கதையொன்றில் ஒருவர் பறம்பில் இறங்கி நடந்தார் என்பதற்கும் கொல்லைக்குப் போனார் என்பதற்கும் உள்ள தொலைவு சிறிதன்று.

3. ஒலிமாற்றம் துணைசெய்யும் இடம்

ஒலிமாற்ற விதிகள் பெரும்பான்மையான பழம்பயிர்ப் பெயர்களில் முறையாகப் பொருந்துகின்றன. தமிழின் 'மாங்காய்', 'தேங்காய்' என்பவை மலையாளத்தில் 'மாங்ங', 'தேங்ங' என ஆயின. மெல்லினத்தை அடுத்த வல்லினம் தானும் மெல்லினமாதலும், ஈற்று யகரம் கெட்டு உயிர் குறுகுதலும் இங்கு நிகழ்ந்துள்ளன. புடலங்காய் 'படவலங்ங' எனவும், வெண்டைக்காய் 'வெண்டய்க்க' எனவும், பாவற்காய் 'பாவய்க்க' எனவும் வழங்குகின்றன. இவற்றில் மொழிபெயர்ப்பாளர் இடறுவதற்கு இடமில்லை.

கத்தரியின் பெயர் சற்றே வேறுபட்டது. மலையாளத்தில் 'வழுதனங்ங' என்பது பொதுவழக்கு. தமிழின் பெரும்பகுதியில் 'கத்தரிக்காய்' என்பதே வழங்கினாலும், 'வழுதுணங்காய்' தமிழுக்கு அயலானதன்று. ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்றில் அச்சொல் இடம்பெறுகிறது. நாஞ்சில்நாட்டுப் பேச்சில் 'வழுதனங்காய்', 'வழுதலங்காய்' என்னும் வடிவங்கள் உள்ளன. பொதுத்தமிழ் கைவிட்ட சொல்லை எல்லைப்புறத் தமிழும் மலையாளமும் காத்து நிற்கின்றன.

'கீரை' என்னும் சொல்லில் ஒலி ஒத்துச்செல்லப் பொருள் விலகத் தொடங்குகிறது. கன்னடத்திலும் தமிழிலும் மொழிமுதல் ககரம் நிற்க, மலையாளத்தில் 'சீர' எனச் சகரம் வந்தது. ஆனால் தமிழில் 'கீரை' உண்ணத்தகும் இலைகள் அனைத்திற்கும் பொதுப்பெயர். மலையாளத்தில் 'சீர' தனித்து நிற்குமிடத்துத் தண்டுக்கீரை இனத்தையே சிறப்பாகக் குறிக்கும். தமிழில் முருங்கைக்கீரை எனப்படுவது மலையாளத்தில் 'முரிங்ஙயில'. எனவே 'சீர நட்டார்கள்' என்னும் தொடரைக் 'கீரை நட்டார்கள்' என எழுதினால் பிழையில்லை எனினும், எந்தக் கீரை என்னும் செய்தி இழக்கப்படுகிறது.

4. புதுப்பயிரும் பழம்பெயரும்

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கடற்கரைக்கு வந்தபின், அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள் போர்த்துகீசியர் வழியே மேலைக்கடற்கரையை அடைந்தன. மிளகாய், மரவள்ளி, சர்க்கரைவள்ளி, பப்பாளி, முந்திரி, கொய்யா, அன்னாசி ஆகியவை இன்று வீட்டுத் தோட்டத்தின் இயல்பான உறுப்புகள். இவற்றுள் பல, பெயரை வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. உள்ளூர்ப் பயிரிடம் கடன்பெற்றன.

4.1 மிளகும் மிளகாயும்

காரத்திற்கு மிளகையே நம்பியிருந்த அடுக்களையில் புதிய காய் வந்து சேர்ந்தபோது தமிழ் அதனை 'மிளகாய்' என்றது. பழைய பயிர் 'மிளகு' என்னும் தன் பெயரை இழக்கவில்லை. மலையாளம் வேறு வழி சென்றது. 'முளகு' என்னும் பழம்பெயரைப் புதிய காய் எடுத்துக்கொண்டது. பழைய மிளகு தன்னை வேறுபடுத்திக்கொள்ள அடைமொழி பெறவேண்டியதாயிற்று. அது 'குருமுளகு' எனவும், தெற்கே 'நல்லமுளகு' எனவும் ஆயிற்று. நாஞ்சில்நாட்டுத் தமிழிலும் மிளகுக்கு 'நல்லமிளகு' என்னும் பெயர் வழங்குகிறது. ஒலியை மட்டும் பின்பற்றுபவர் மலையாளத்து 'முளகுபொடி'யை 'மிளகுப்பொடி' என்று எழுதிவிடுவார், அது மிளகாய்ப்பொடி. வீட்டு வேலியோரம் வளரும் 'காந்தாரி முளகு' மிளகுக்கொடியன்று. சிறிய ஊசிமிளகாய்ச் செடி.

மிளகுக்குக் 'கறி' என்றொரு பெயரும் சங்க நூல்களில் உண்டு. அச்சொல் பின்னர்த் தொடுகறியையும் காயையும் குறித்து, இன்றைய தமிழ்ப் பேச்சில் பலரிடம் இறைச்சியை மட்டும் குறிப்பதாகச் சுருங்கியுள்ளது. மலையாளத்திலோ 'பச்சக்கறி' என்பதே காய்கறிக்குப் பெயர். கேரள வேளாண் துறை வீட்டுத்தோட்டத்தை ஊக்குவிக்க நடத்திய 'ஓணத்தினு ஒரு முறம் பச்சக்கறி' என்னும் திட்டத்தின் பெயரில் 'ஒரு', 'முறம்' என்பவை தமிழில் அப்படியே நிற்கும், 'கறி' நிற்காது. 'ஓணத்திற்கு ஒரு முறம் காய்கறி' என்றே அது தமிழில் அமையவேண்டும். 'கறிவேப்பிலை' என்னும் பெயரில் இரு மொழிகளும் 'கறி'யின் பழைய பொருளை ஒன்றாகவே காத்துள்ளன.

4.2 வள்ளியும் சீனியும்

மரவள்ளியின் பெயர் வரலாறு இன்னும் நுட்பமானது. 'வள்ளி' என்பது பழந்தமிழில் கொடியையும் கொடிக்கிழங்கையும் குறித்தது. இனிப்பான புதுக்கிழங்கு 'சர்க்கரைவள்ளி' ஆயிற்று. மரம்போல் நிமிர்ந்த தண்டுடைய கிழங்கு 'மரவள்ளி' ஆயிற்று. கொடியே இல்லாத செடிக்குக் கொடியின் பெயர் வந்தது, தோட்டத்தில் அது பிடித்த இடத்தாலேயாகும். தென்கோடியில் சர்க்கரைவள்ளியின் பெயர் 'சீனிக்கிழங்கு'. ஆதலின் அங்கு மரவள்ளி 'மரச்சீனி' எனப்பட்டது. திருவனந்தபுர மலையாளத்திலும் நாஞ்சில்நாட்டுத் தமிழிலும் இப்பெயர் ஒன்றே. நடுக்கேரளத்தில் அதுவே 'கப்ப'. வடக்கே 'பூள', 'கொள்ளி'. தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் 'குச்சிக்கிழங்கு' எனவும், 'ஏழிலைக்கிழங்கு' எனவும் வழங்கும். திருவனந்தபுரத்து மலையாளி கோட்டயத்து மலையாளியோடு பகிராத பெயரை நாகர்கோவில் தமிழரோடு பகிர்கிறார் என்பது, சொல்லெல்லையும் மொழியெல்லையும் ஒன்றல்ல என்பதற்குத் தெளிந்த சான்றாகும். கொத்தவரங்காய்க்கு வழங்கும் 'சீனியவரை', நீற்றுப்பூசணிக்கு வழங்கும் 'தடியங்காய்' ஆகிய பெயர்களும் இவ்வெல்லையின் இருபுறமும் காணப்படுவன.

இப்பயிர் வீட்டுத் தோட்டத்தில் வேரூன்றியதற்கு அரசின் பங்கும் உண்டு. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா மரச்சீனியை மக்களிடையே பரப்பினார். 1942இல் பர்மா அரிசி வருவது நின்றபோது திருவிதாங்கூர் மக்களின் பசியைத் தணித்ததில் இக்கிழங்குக்குப் பெரும்பங்குண்டு. 1963இல் திருவனந்தபுரத்துக்கு அருகே ஸ்ரீகாரியத்தில் மத்தியக் கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. ஏழையின் உணவு என்னும் கருத்து இச்சொல்லோடு ஒட்டியிருப்பது இவ்வரலாற்றால். ஆகவே போர்க்காலத் திருவிதாங்கூரைப் பற்றிய கதையில் வரும் 'மரச்சீனி'யை, சேலத்து ஜவ்வரிசித் தொழிலை நினைவூட்டும் 'மரவள்ளி'யாக மாற்றும்போது செடி மாறுவதில்லை, நினைவு மாறிவிடுகிறது.

4.3 சீமையும் பறங்கியும் கப்பலும்

கடன்பெற்ற பெயரோடு வந்த வழியைச் சேர்த்துரைப்பது மற்றொரு முறை. தமிழில் 'பறங்கிக்காய்' எனப்படுவது பறங்கியர் பெயரால் அமைந்தது. மலையாளத்தில் அது 'மத்தங்ங'. ஆனால் மலையாளத்தில் 'பறங்கி' என்னும் அடை முந்திரியோடு சேர்ந்து 'பறங்கிமாவு' ஆயிற்று. இதனைப் பறங்கிக்கொடி எனக் கொள்ளுதல் பெரும்பிழை. நிலக்கடலை மலையாளத்தில் 'கப்பலண்டி'. கப்பலில் வந்த அண்டி என்று பெயரே சொல்கிறது. ஈரப்பலா என இலங்கைத் தமிழர் வழங்கும் மரம் திருவனந்தபுரத்தில் 'சீமச்சக்க', வேறிடங்களில் 'கடச்சக்க', தமிழில் 'சீமைப்பலா'. தக்காளியோ அடைமொழி எதனையும் இன்று தாங்கவில்லை. அப்பெயர் முன்பு வேறு சிறுகனிச் செடிகளுக்கு உரியது. 'மணத்தக்காளி' என்னும் கீரைப்பெயர் அதன் எச்சமாகும். அமெரிக்கத் தக்காளி வந்தபின் பழையது அடைமொழியோடு ஒதுங்க, புதியது பெயரை முழுமையாகக் கைப்பற்றியது. மலையாளத்தில் மிளகுக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்துள்ளது.

5. மூலிகைப் பெயர்களில் நேரும் இடர்

காய்கறிப் பெயர் மாறினால் குழம்பு மாறும். மூலிகைப் பெயர் மாறினால் மருந்து மாறும். அதனால் இப்பகுதி மொழிபெயர்ப்பாளரின் தனிக் கவனத்துக்குரியது.

கிணற்றடியில் வளரும் கற்பூரவள்ளிக்கு மலையாளத்தில் 'பனிக்கூர்க்க' என்பது பெயர். 'பனி' தமிழில் குளிரையும் பனித்துளியையும் குறிக்க, மலையாளத்தில் காய்ச்சலைக் குறிக்கும். காய்ச்சலுக்குப் பயன்படும் கூர்க்க என்பதே பெயரின் பொருள். 'கூர்க்க' எனத் தனியே நிற்பது உண்ணும் சிறிய கிழங்கு. அதனை நெல்லையிலும் நாஞ்சில்நாட்டிலும் 'சிறுகிழங்கு' என்பர், பொங்கலுக்கு இன்றியமையாதது. தமிழில் 'மருந்துக் கூர்க்கன்' எனப்படுவது இவ்விரண்டும் அல்லாத வேறொரு செடி. இனி, 'சிறுகிழங்கு' என்பதற்கு ஒலியால் நேரான மலையாளச் சொல் 'செறுகிழங்கு'. அதுவோ வள்ளிக்கிழங்கு இனத்தைச் சேர்ந்த 'நனகிழங்கு'. ஒலி முழுதும் ஒத்து, பொருளும் சொல்லளவில் ஒத்து, செடி மட்டும் வேறாக நிற்கும் இவ்வெடுத்துக்காட்டு ஒலியொப்புமையின் எல்லையைக் காட்டப் போதுமானது. தமிழுக்குள்ளேயே 'கற்பூரவள்ளி' மூலிகையையும் ஒரு வாழை வகையையும் குறிப்பதும் இங்குச் சேர்த்து எண்ணத்தக்கது.

வடமொழிப் பெயர்கள் பொதுவானவை, ஆதலின் பாதுகாப்பானவை என்னும் எண்ணமும் சரியன்று. 'பிரம்மி' கேரள மருத்துவத்தில் தமிழர் நீர்ப்பிரம்மி என்பதைக் குறிக்க, வடநாட்டில் வல்லாரைக்கும் அப்பெயர் வழங்குகிறது. 'சங்கபுஷ்பி' கேரளத்தில் நீலப்பூக் கொடியாகிய சங்குப்பூ. வடநாட்டில் தரையோடு படரும் வேறொரு செடி. மருந்துக் குறிப்பொன்று மலையாளத்திலிருந்து தமிழுக்கோ, இந்தியிலிருந்து தமிழுக்கோ வரும்போது, எந்த நாட்டு வழக்கு என்று கேளாமல் பெயரை மட்டும் எழுதுவது ஏற்கத்தக்கதன்று.

6. ஒரு பெருநூலும் அதன் மொழிபெயர்ப்பும்

இச்சிக்கலைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே எதிர்கொண்ட நூல் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்'. கொச்சியின் டச்சுத் தளபதியாகிய வான் ரீடே தொகுப்பித்த இந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்து, ஏறத்தாழ 740 செடிகளை விளக்குகிறது. ஈழவ மருத்துவராகிய இட்டி அச்சுதன் செடிகளின் பெயரையும் பயனையும் மலையாளத்தில் எடுத்துரைத்தார். கம்பெனியின் துபாஷி மானுவேல் கார்னீரோ அதனைப் போர்த்துகீசியத்தில் பெயர்த்தார். பின்னர் அது இலத்தீனுக்குச் சென்றது. ரங்கபட், விநாயக பண்டிட், அப்புபட் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் உடன் பணியாற்றினர். படங்களில் செடியின் பெயர் மலையாளம் உள்ளிட்ட பல எழுத்துகளில் பொறிக்கப்பட்டது.

மூன்று மொழிகளைக் கடந்தும் பெயர்கள் தம் உருவை முற்றிலும் இழக்கவில்லை. ஆயினும் ழகரம் போன்ற ஒலிகள் இலத்தீன் எழுத்தில் சிதைந்தன. 'கீழார்நெல்லி' என்பது 'கிர்கனேலி' ஆயிற்று. 1789இல் ஜூஸ்ஸியூ அதிலிருந்தே 'கிர்கனேலியா' என்னும் தாவரப் பேரினப் பெயரை அமைத்தார். முருங்கையின் பெயர் 'மொரிங்கா' எனத் தாவரவியலில் நிலைபெற்றது. வீட்டுப் புழக்கடைச் சொற்கள் உலக அறிவியல் சொற்களாயின.

இந்நூல் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக முழுமையான மொழிபெயர்ப்பின்றிக் கிடந்தது. கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத் தாவரவியலாளராகிய கா.சு. மணிலால் பல்லாண்டு உழைப்பின் பயனாக 2003இல் ஆங்கிலத்திலும் 2008இல் மலையாளத்திலும் அதனை மொழிபெயர்த்தார். இரண்டையும் திருவனந்தபுரத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகமே வெளியிட்டது. இலத்தீன் அறிவு மட்டும் இப்பணிக்குப் போதவில்லை. நூல் கூறும் செடிகளை அவை வளரும் இடங்களிலேயே தேடிச் சேகரித்து, படத்தோடும் விளக்கத்தோடும் ஒப்பிட்டு, இன்னது எனத் தெளிந்தபின்பே சொல் தேர்ந்தெடுக்கப்பட்டது. இரு உறவுமொழிகளுக்கிடையே பணியாற்றுவோர்க்கும் இம்முறை பொருந்தும்.

7. இன்றைய நிலை

கிழக்கேகோட்டைப் பகுதியில் மனைகள் சுருங்கிக் கட்டடங்கள் உயர்ந்தபின், தோட்டம் பின்புறத்திலிருந்து மாடிக்கு ஏறியது. மண்ணும் உரமும் நிரப்பிய பைகளில் வெண்டை, தக்காளி, மிளகாய், பயறு, சீர ஆகியவை வளர்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் பற்றிய அச்சம் 2015ஆம் ஆண்டளவில் கேரளத்தில் பெரிதும் பேசப்பட்டது. வீட்டுத்தோட்ட இயக்கம் வலுப்பெற அதுவும் ஒரு காரணம்.

தோட்டம் வளர்வதால் பெயர்களும் வளரும் என்பதில்லை. முன்பு விதையும் தண்டும் கிழங்கும் வீட்டுக்கு வீடு கைமாறின. பெயரும் அவற்றோடு கைமாறியது. இன்று விதை உறையில் வருகிறது. அதில் அச்சிட்ட பெயரே பெயர். காச்சில், நனகிழங்கு, கூர்க்க போல விதையுறையில் வாராது, கிழங்கும் தண்டும் கொண்டு பெருகுபவை மாடிப் பைகளுக்கு எளிதில் ஏறுவதில்லை. அவற்றோடு அவற்றின் பெயர்களும் அருகுகின்றன. 'சீனியவரை', 'தடியங்காய்' போன்ற எல்லைப்புறப் பெயர்கள் இரு மாநிலங்களின் பாடநூல்களிலும் பொதுச்சொற்களுக்கு இடம்கொடுத்து விலகுகின்றன. இவை மறையுமாயின், தமிழும் மலையாளமும் ஒரே தோட்டத்தைப் பகிர்ந்த காலத்தின் சான்றுகள் மறையும்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. பழம்பயிர்ப் பெயர்களில் ஒலிமாற்ற விதிகள் நம்பத்தக்கவை. புதுப்பயிர்ப் பெயர்களில் பெயர்க்கடன் எப்பயிரிலிருந்து நிகழ்ந்தது என்பதை அறியாமல் ஒலியை நம்புதல் கூடாது. மூலிகைப் பெயர்களில் ஒலியும் வடமொழிப் பொதுமையும் ஆகிய இரண்டுமே ஐயத்துக்குரியவை. திருவனந்தபுரத்து மலையாளமும் நாஞ்சில்நாட்டுத் தமிழும் பகிரும் சொற்கள், அவ்வட்டாரப் படைப்புகளை மொழிபெயர்ப்போர்க்குக் கிடைத்த கைம்முதல். அவற்றைப் பொதுத்தமிழாக்கி இழக்கவேண்டியதில்லை.

அகராதியாளர்க்கும் இதில் கடமையுண்டு. ஒரு பயிர்ப்பெயரைப் பதியும்போது வட்டாரம், செடியின் உருவம், உண்ணும் அல்லது மருந்தாகும் உறுப்பு, அதே ஒலியுடைய உறவுமொழிச் சொல் குறிக்கும் செடி ஆகிய நான்கையும் சேர்த்துப் பதிதல் வேண்டும். 'சிறுகிழங்கு', 'செறுகிழங்கு' என்னும் இரண்டும் அருகருகே விளக்கத்துடன் நிற்கும் அகராதி ஒன்று இருப்பின், பிழையான மொழிபெயர்ப்புகள் பலவற்றைத் தவிர்க்கலாம். அவ்வகராதிக்கான தரவுகள், இப்பெயர்களைச் சொல்லி இச்செடிகளை வளர்த்த தலைமுறையினர் இருக்கும்போதே தொகுக்கப்பட வேண்டியவை.